முப்பத்தொன்பதாவது முழம்

முதலில் ஒரு விடுகதை. சொல்லுங்கள் பார்ப்போம்.

காலையில் மேற்கே காலை நீட்டிப் படுத்திருப்பான். உச்சிவேளையில் காலடியில் சுருண்டுகொள்வான். சாயங்காலம் கிழக்கே திரும்பிப் படுப்பான். முள்ளில் விழுந்தாலும் கிழியமாட்டான். தண்ணீரில் விழுந்தாலும் நனையமாட்டான். யார் அவன்?

நிழல் என்று சொல்லியிருப்பீர்கள். தனகோடியும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னாள். யோசிக்கக்கூட இல்லை. பிறகு ஒரு சாயங்காலம் வந்தது. அதற்கப்புறம் யாராவது இந்த விடுகதையைப் போட்டால், 'நனையமாட்டான்' என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்துவாள்.

"அது எப்பவும் இல்ல" என்பாள்.

அந்தச் சாயங்காலத்தின் கதை இது.

கடலோரம் ஒரு குப்பம். அங்கே ஒரு பாய்மரம் நின்றது. கடலில் இல்லை, தரையில். எந்தக் காலத்திலோ உடைந்து ஒதுங்கிய கப்பலின் மரம். அதை இழுத்துவந்து நட்டு, உச்சியில் விளக்கு வைத்தார்கள். இருட்டியபின் கரை திரும்பும் படகுகளுக்கு அதுதான் அடையாளம்.

அந்த மரத்தின் அடியைக் கரையான் அரித்துவிட்டது. அதுவும் மேற்குப் பக்கம் மட்டும். ஐப்பசிப் புயல் வந்து தள்ளுவதற்கு முன்னால் நாமே சாய்த்துவிடலாம் என்று ஊர் முடிவு செய்தது. அரித்த பக்கம்தான் மரம் சாயும். மேற்கே தெரு இருந்தது. தெருவில் வீடுகள் இருந்தன. மரம் எவ்வளவு தூரம் எட்டும் என்று முன்கூட்டியே தெரிந்தால்தான், அதுவரை உள்ள வீடுகளைக் காலி செய்யலாம்.

அந்தக் கரையில் ஒரு வழக்கம் உண்டு. உயரமான எதைச் சாய்த்தாலும், அளந்து பார்த்து, அது எட்டும் இடத்தில் ஓர் ஆப்பு அடிப்பார்கள். மரம் விழும்போது, அளவுக்குப் பொறுப்பேற்றவர் அந்த ஆப்புக்குப் பின்னால் ஓர் அடி தள்ளி நிற்க வேண்டும். அளவு சரியாக இருந்தால் அவர் தூசியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்.

குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர் நாகவல்லி. முப்பது வயது இருக்கும். குருவம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு இல்லை.

மரம் சாய்ப்பதற்கு முந்தைய நாள், பாடத்துக்கு நடுவே தனகோடி கேட்டாள்.

"குருவம்மா, கணக்கு ஒண்ணு சொல்லுது, கண்ணு வேற சொல்லுதுன்னா, எதை நம்பணும்?"

"வயித்த நம்பு" என்றான் பக்கத்தில் இருந்த வேம்புலி. "அது மட்டும்தான் சோத்து நேரத்தைச் சரியாச் சொல்லும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். குருவம்மா சிரிக்கவில்லை. கூரையில் செருகியிருந்த முழக்கோலை உருவி, தனகோடியின் மடியில் வைத்தார்.

அப்போது ஊர்த் தலைவரான நாட்டார் வந்தார்.

"வாத்தியாரம்மா, மரத்தை அளந்து ஆப்பு அடிச்சுக் குடுத்துடுங்க. நாளைக்கு விடியக் கயிறு கட்டணும்."

"தனகோடி அளப்பா" என்றார் குருவம்மா. "ஆப்பையும் அவளே அடிப்பா."

நாட்டார் பதினோரு வயதுப் பெண்ணை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. ஆப்புக்குப் பின்னால இந்தப் பச்சப் புள்ளயா நிக்கும்?"

"நான் நிப்பேன்."

தனகோடியின் மடியிலிருந்த கோல் தரையில் விழுந்தது.

"எடு" என்றார் குருவம்மா.

மதியம் கழிந்து வெயில் சாய்ந்தது. மரத்துக்குக் கிழக்கே கருவாடு காயப்போடும் களம் இருந்தது. கெட்டியாகத் தட்டிய மண். அன்று கருவாட்டை எல்லாம் அள்ளிவிட்டிருந்தார்கள். வெறும் களத்தின் மேல் பாய்மரத்தின் நிழல் கறுப்பாகக் கிடந்தது.

வேம்புலிக்கு இந்த வேலையே வேடிக்கையாக இருந்தது.

"எதுக்குடி நிழலு? உச்சியில உருளை இருக்கு. விளக்கு ஏத்துற கயிறு அது வழியா ஏறி, இந்தப் பக்கம் இறங்குது. கயித்த அளந்து பாதி பண்ணுனா முடிஞ்சுது."

சொன்னபடியே கயிற்றை அவிழ்த்துக் கீழே போட்டு, தன் கையால் முழம் போட ஆரம்பித்தான்.

"உன் கை முழம் வேற, நாட்டார் கை முழம் வேற" என்றார் குருவம்மா. "கோலால அள."

கோலால் அளந்தான். எழுபத்திரண்டு முழம். பாதி, முப்பத்தாறு.

"ஊருக்கே தெரிஞ்ச கணக்கு. கயிறு வாங்கறப்பவே எழுபத்திரண்டுன்னு கேட்டுத்தான் வாங்கறோம்" என்றார் நாட்டார்.

"உருளைக்கு மேல மரம் இருக்கா?" என்று கேட்டார் குருவம்மா.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். உருளைக்கு மேலே ஒன்றுமில்லை. வானம்தான்.

"ஒரு காக்கா உட்காரலாம். அவ்வளவுதான் இடம்" என்றான் வேம்புலி.

தனகோடி இரண்டு முழக் குச்சி ஒன்றைக் களத்தில் நட்டாள். அதன் நிழல் குச்சியைவிடக் குட்டையாக இருந்தது. பக்கத்தில் குத்த வைத்து உட்கார்ந்து, அது வளரும்வரை காத்திருந்தாள். குச்சியின் நிழலும் இரண்டு முழம் ஆனது.

"இப்போ குச்சியும் நிழலும் ஒரே அளவு" என்றாள். "அப்போ மரமும் அதோட நிழலும்கூட ஒரே அளவுதான்."

ஓடிப்போய் மர நிழலின் நுனியில் ஒரு சிப்பியை வைத்தாள். நிழல் அளந்து முடிக்கும்வரை காத்திருக்காது, சிப்பி காத்திருக்கும். பிறகு நிதானமாக மரத்தடியிலிருந்து சிப்பிவரை கோலை மாற்றி மாற்றி வைத்தாள்.

முப்பத்தொன்பது.

"எங்கியோ மூணு முழத்தை முழுங்கி ஏப்பம் விட்டுருக்க" என்றான் வேம்புலி.

"முழுங்குனா கொறையும்டா. இது கூடியிருக்கு."

மறுபடி அளந்தாள். முப்பத்தொன்பதேதான்.

"குச்சி சாஞ்சிருக்கும்" என்றான் வேம்புலி. குருவம்மா ஒரு நூலில் கல்லைக் கட்டிக் குச்சிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். குச்சி நூலோடு நூலாக நேராக நின்றது.

"அப்போ களம் சரிஞ்சிருக்கும். கடல் பக்கம் இறக்கம். இறக்கத்துல நிழல் நீளும்" என்றான்.

அது நியாயமான சந்தேகம். குருவம்மா ஒரு தட்டில் விளிம்பு நிறையத் தண்ணீர் ஊற்றி, களத்தில் நாலைந்து இடத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னார். எந்தப் பக்கமும் ஒரு சொட்டுகூட வழியவில்லை. களம் மட்டமாக இருந்தது.

தனகோடி நிழலின் நுனிக்குப் போனாள். கோலை வைத்துப் பின்னோக்கி அளந்தாள். முப்பத்தாறாவது முழத்தில் உருளையின் நிழல் உருண்டையாகத் தெரிந்தது. அதற்கப்புறமும் நிழல் இருந்தது. மூன்று முழம். மரத்தைப் போல ஒரே சீராக இல்லை. கொஞ்சம் அகன்று, கழுத்துபோல ஓரிடத்தில் குறுகி, பிறகு உருண்டு முடிந்தது.

அண்ணாந்து பார்த்தாள். உருளை. அதற்கு மேல் வானம்.

ஒரு காக்கா பறந்து வந்தது. வழக்கமாக அந்த மரத்தின் உச்சியில் உட்காருகிற காக்கா. இறக்கையை மடக்கப் போய், கடைசி நொடியில் கரைந்துகொண்டே விலகி, தென்னந்தோப்புப் பக்கம் போய்விட்டது.

"வெறும் மூணு முழத்துக்கு ஏன் இப்படி முழிக்கிற?" என்றான் வேம்புலி. "நானே மூணு முழம்தான். இந்தா பாரு."

உருளையின் நிழலில் பாதங்களை வைத்து, கிழக்கே தலை வைத்து, நிழலுக்குள் மல்லாந்து படுத்தான். தலை சரியாகச் சிப்பியைத் தொட்டது. தோள் வந்த இடத்தில் தோள். கழுத்து வந்த இடத்தில் கழுத்து.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!" என்று சிரித்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து உட்கார்ந்தான். அவன் பற்கள் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"என்னடா?"

அவன் முதுகைத் திருப்பிக் காட்டினான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

தனகோடி தரையைத் தொட்டாள். மரத்தின் நிழல் விழுந்த இடமெல்லாம் வெயிலில் காய்ந்த மண், உள்ளங்கை சுட்டது. உருளையின் நிழலுக்கு அப்பால், அந்த மூன்று முழம் மட்டும் ஈரம். மழையில் நனைந்த ஒருவர் வெகுநேரம் நின்ற இடம் போல.

"குருவம்மா..."

"அள" என்றார் குருவம்மா.

வெயில் இன்னும் சாய்ந்தது. குச்சியின் நிழல் மூன்று முழம் ஆனது. தனகோடி மர நிழலின் நுனியில் இரண்டாவது சிப்பியை வைத்து அளந்தாள். ஐம்பத்தெட்டரை. மண்ணில் விரலால் எழுதினாள். மூன்று முழ நிழலுக்கு இரண்டு முழக் குச்சி. அப்படியென்றால் நிழலை மூன்று பங்காக்கி, அதில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். ஒரு பங்கு பத்தொன்பதரை. இரண்டு பங்கு?

எழுதிய விரல் அப்படியே நின்றது.

முப்பத்தொன்பது.

நிழல் நகர்ந்திருந்தது. ஈரமும் அதனோடு நகர்ந்திருந்தது. பழைய சிப்பியைச் சுற்றி மண் காய்ந்துபோயிருந்தது.

இதற்குள் ஊரில் பாதிப் பேர் களத்தைச் சுற்றிக் கூடிவிட்டார்கள். நாட்டாருக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏம் புள்ள, மரம் முப்பத்தாறு முழம். நாலு வீட்டைக் காலி பண்ணியாச்சு. அஞ்சலை வீட்டுச் சுவரு முப்பத்தேழாவது முழத்துல நிக்குது. நீ முப்பத்தொன்பதுல அடிச்சா ஆப்பு அவ வீட்டுக்குள்ள விழும். ஆப்பு விழுந்த வீட்ட காலி பண்ணியே ஆகணும். அங்க என்ன இருக்குன்னு தெரியும்ல?"

எல்லோருக்கும் தெரியும். அஞ்சலையின் மகள் முத்தழகு பிள்ளை பெற்று நாலைந்து நாள்தான் ஆகிறது. குழந்தைக்குத் தொப்புள்கொடி விழும்வரை தாயும் பிள்ளையும் வாசலைத் தாண்டக்கூடாது என்பது அந்தக் குப்பத்தில் யாரும் மீறாத கட்டுப்பாடு.

அஞ்சலையே கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். இடுப்பில் சேலையைச் செருகியிருந்தாள். சண்டைக்குத் தயாராக வந்தவள்.

"யாரு, நீதானாடி? உன் நிழலுக்குப் பயந்துக்கிட்டு, பச்ச உடம்புக்காரிய நான் தெருவுல தூக்கிப் போடணுமா? அளக்கத் தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போயேன்!"

"எனக்கு அளக்கத் தெரியும், பெரிம்மா" என்றாள் தனகோடி. "மரத்துக்கு மேல மூணு முழம் இருக்கு. அந்த இடத்துல மட்டும் மண்ணு ஈரமா இருக்கு."

"ஈரமா?"

அஞ்சலை களத்தைப் பார்த்தாள். பிறகு, யாரும் சொல்லாமலே, நிழலின் நுனிவரை நடந்து போனாள். குனிந்து ஈர மண்ணை ஒரு சிட்டிகை எடுத்தாள். மோந்து பார்த்தாள்.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"புன்னை எண்ணெய்" என்றாள்.

பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இப்போது விளக்குக்கு மண்ணெண்ணெய்தான். புன்னை எண்ணெய் ஊற்றியது அந்தக் காலத்தில். மரத்தில் உருளை இல்லாத காலத்தில்.

உருளை வருவதற்கு முன்னால், விளக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு யாராவது மேலே ஏற வேண்டும். எடை குறைந்த பிள்ளைகளைத்தான் ஏற்றுவார்கள். ஒரு புயல் நாளில் அஞ்சலையின் தங்கை பூவாயி ஏறினாள். பத்து வயது. காற்றில் விளக்கு அணையாமல் இருக்க, அதைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு மேலேயே நின்றாள். அன்றைக்கு எல்லாப் படகுகளும் கரை சேர்ந்தன. விடிந்து பார்த்தபோது விளக்கு மட்டும் உச்சியில் எரிந்துகொண்டிருந்தது. பூவாயி மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. இறங்கும்போது அலை கொண்டுபோயிருக்கும் என்று ஊர் முடிவு கட்டியது. அடுத்த மாதம் உருளை வைத்தார்கள். அதன்பின் அவளைப் பற்றி யாரும் பேசவில்லை.

"இறங்கிட்டாள்னு சொன்னீங்களே" என்றாள் அஞ்சலை. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

நாட்டார் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

காற்று அடங்கியிருந்தது. களத்து ஓரம் கொடியில் கிடந்த துணி ஒன்றுகூட அசையவில்லை. அந்த மூன்று முழ நிழலின் ஓரம் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது. பாவாடை ஓரம் போல.

குச்சியின் நிழல் நான்கு முழம் ஆனது. குச்சியைப் போல இரண்டு மடங்கு. தனகோடி மூன்றாவது சிப்பியை வைத்தாள். அளக்கும்போது நிழலை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தாள். எழுபத்தெட்டு முழம். பாதி பண்ண விரல் தேவைப்படவில்லை.

"எவ்வளவு?" என்று கேட்டாள் அஞ்சலை.

"முப்பத்தொன்பது, பெரிம்மா."

அஞ்சலை எழுந்து அவள் அருகில் வந்தாள். சண்டைக்கு வந்த முகம் இப்போது இல்லை.

"நீ அளந்தது சரிதான் கண்ணு. நான் ஒத்துக்கறேன். ஆனா ஆப்ப முப்பத்தாறுலயே அடிச்சுடு."

"ஏன்?"

"நாளைக்கு மரம் சாயும். அவ வந்து விழறது எங்க வீடு. இத்தனை வருசம் கழிச்சு இறங்கி வர்றா. வீட்டுல ஆள் இருக்க வேணாமா? வெறும் வீட்டுலயா வந்து விழுவா?"

நாட்டாரும் மெல்லத் தொண்டையைச் செருமினார்.

"முப்பத்தாறுன்னே இருக்கட்டும்மா. மரம் முப்பத்தாறுதான். கயிறே சொல்லுது. யாரும் உன்னைத் தப்பு சொல்ல மாட்டாங்க."

வேம்புலி ஆப்பையும், அதை அடிக்கும் மரச்சுத்தியலான கொட்டாப்புளியையும் கொண்டுவந்து அவள் காலடியில் வைத்தான். ஒரு கிண்டலும் பண்ணவில்லை. நனைந்த சட்டையை அவன் இன்னும் கழற்றவில்லை.

சூரியன் தென்னந்தோப்பின் தலையைத் தொட்டுக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நிழலே இருக்காது.

தனகோடி குருவம்மாவிடம் போனாள்.

"குருவம்மா, கயிறு முப்பத்தாறுன்னு சொல்லுது. கண்ணுக்கும் முப்பத்தாறுதான் தெரியுது. கணக்கு மட்டும் முப்பத்தொன்பதுங்குது."

"கயிறு எதை அளந்துச்சு?"

"மரத்தை."

"நிழல்?"

தனகோடி திரும்பிக் களத்தைப் பார்த்தாள்.

"நான் அளக்கறதுல எங்கயாவது தப்பு பண்ணியிருக்கேனா?"

"நூலும் தட்டும் என்ன சொல்லுச்சு?"

"தப்பில்லன்னு."

"அப்புறம்?"

"ஆனா மேல ஒண்ணுமே இல்லையே, குருவம்மா! இல்லாத ஒண்ணுக்கு எப்படி இடம் விடறது? முப்பத்தொன்பதுல அடிச்சா முத்தழகு அக்காவும் பாப்பாவும் வெளிய வரணும். அஞ்சலை பெரிம்மா முப்பத்தாறுங்கறாங்க. நாட்டாரும் அதையேதான் சொல்றாரு. எல்லாருக்கும் முப்பத்தாறுதான் வேணும். நீங்களாவது சொல்லுங்க. முப்பத்தாறா, முப்பத்தொன்பதா?"

குருவம்மா தன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். தெருப் பக்கம் திரும்பி நின்றார்.

"நாளைக்கு நான் எங்க நிக்கட்டும்?" என்று கேட்டார்.

தனகோடி அவருடைய வெறும் பாதங்களைப் பார்த்தாள்.

பிறகு ஆப்பையும் கொட்டாப்புளியையும் எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தாள். அஞ்சலையின் வாசலைத் தாண்டி உள்ளே போனாள். முப்பத்தொன்பதாவது முழம், குழந்தை தூங்கிக்கொண்டிருந்த தூளிக்கு நேர் கீழே இருந்தது. அங்கே ஆப்பை அடித்தாள்.